மோன்ஹா, ஸோர், எர்மானா: ஸ்பெயின் மடத்துக்குப் போகிற பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது

போன மாதம் ஒரு சாயங்காலம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணுக்கு 22 வயது. ஸ்பெயினில் ஓர் அடைபட்ட மடத்தில், அதாவது வெளியார் உள்ளே நுழையக் கூடாத கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில், சேரப் போகிறாள். மூன்று மாதத்தில் பயணம். "ஆச்சி, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமாமே. மடத்துல பொழங்குற வார்த்தை மட்டுமாச்சும் சொல்லிக் குடுங்க" என்றாள். கையில் ஒரு நோட்டு. கைப்பேசியில் பார்த்து நாற்பது வார்த்தைகளை அழகாக எழுதி வைத்திருந்தாள். இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் தமிழ். வாங்கிப் பார்த்தால் வலது பக்கத்தில் நாலு இடத்தில் ஒரே வார்த்தை: கன்னியாஸ்திரீ.

நோட்டை மூடச் சொன்னேன். மோன்ஹா, ரெலிஹியோஸா, ஸோர், எர்மானா, அந்த நாலும் ஒன்றில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லி நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

என் ஸ்பானிஷ் பேரனோடு வந்தது. நான் கோட்டையூர்க்காரி, வயது 61. மகளும் மாப்பிள்ளையும் செவில்லில் இருக்கிறார்கள். எழுதுவதைப் பார்த்தால் செவில்லா மாதிரி இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் செவியா என்பார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு தடவை போனேன். விசா 90 நாளுக்கு மேல் தராது, அதனால் 90 நாள் இருந்துவிட்டு ஊருக்கு வந்து, மறுபடி 90 நாள். பிள்ளை தூங்குகிற நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் தெருவில் நடப்பேன். அங்கே பழைய மடங்கள் நிறைய. சில மடங்களில் உள்ளே இருக்கும் பெண்கள் பலகாரம் செய்து விற்கிறார்கள். ஸான் லெயாந்த்ரோ என்ற மடத்து யேமாஸ் ரொம்பப் பேர் போனது. முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்ந்த சின்ன உருண்டை. திராட்சை ரசத்தைத் தெளிய வைக்க வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவை மடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்படித்தான் மடத்துப் பலகாரமெல்லாம் மஞ்சள் கருவில் வந்தது என்று அந்த ஊரில் கதை சொல்கிறார்கள். காரைக்குடியில் ஆச்சிமார் வீட்டில் மனகோலமும் சீப்புச்சீடையும் சொல்லி வைத்து வாங்குகிறோமே, அதுபோலத்தான். ஒரே ஒரு வித்தியாசம், விற்கிறவர் முகத்தைப் பார்க்க முடியாது.

சுவரில் ஒரு திறப்பு. அதில் மரத்தால் செய்த பெரிய உருளை, நடுவில் தடுப்புப் பலகை, நின்ற இடத்தில் சுழலும். இதற்குத் தோர்னோ என்று பெயர். மணியை அடித்தால் உள்ளிருந்து குரல் மட்டும் வரும். வேண்டியதைச் சொல்லிக் காசை வைத்தால் உருளை கிறீச்சென்று திரும்பும். காசு உள்ளே போகும், பெட்டி வெளியே வரும். அந்த உருளையைக் கவனித்துக்கொள்கிற மடத்துப் பெண் தோர்னேரா. முதல் தடவை ஒரு மடத்துத் தோர்னோவின் முன் நின்றுகொண்டு, படித்த ஸ்பானிஷையெல்லாம் திரட்டி, "புவெனோஸ் தியாஸ், மோன்ஹா" என்றேன். வணக்கம், கன்னியாஸ்திரீ. உள்ளே சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "ஆவே மரியா புரீஸிமா" என்று வந்தது. அதற்கு நான் "கிராஸியாஸ்" என்றேன், நன்றி என்று. எனக்குப் பின்னால் நின்ற கிழவி சிரித்துவிட்டாள். பலகாரம் கிடைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோதுதான் நான் செய்த இரண்டு தப்பும் தெரிந்தது.

"ஆவே மரியா புரீஸிமா" என்று யார் சொன்னாலும் பதில், "ஸின் பெகாதோ கொன்ஸெபீதா". தூய மரியே வாழ்க, பாவமின்றிக் கருவானவரே. மடத்து வாசலில் வணக்கம் இதுதான். இதை முதல் நாளே மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன். மற்ற தப்பு கொஞ்சம் ஆழமானது.

<b>கூப்பிடுகிற சொல், குறிப்பிடுகிற சொல்</b>

குன்றக்குடி ஆதீனத்துக்குப் போகிறோம். "அங்கே ஒரு சாமியார் இருக்கிறார்" என்று பிறரிடம் சொல்லலாம். அவர் எதிரே போய் நின்று "சாமியாரே" என்று கூப்பிடுவோமா? மோன்ஹா அந்த மாதிரிச் சொல். "என் அத்தை ஒரு மோன்ஹா", "இந்த மடத்தில் பன்னிரண்டு மோன்ஹாக்கள்" என்று பேசலாம். நேருக்கு நேர் அழைக்க ஆகாது. லத்தீன் மொழியில் மொனாக்கா, தனித்து வாழ்பவள் என்ற பொருள், அதிலிருந்து வந்தது. ஆண் துறவி மோன்ஹே. கண்டிப்பாகச் சொன்னால் அடைபட்ட மடத்தில் வாழ்பவர்தான் மோன்ஹா. பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி என்று வெளியே வேலை செய்யும் சபைகளைச் சேர்ந்தவர் ரெலிஹியோஸா, அல்லது எர்மானா. ஆனால் தெருவில் பேசுகிறவர்கள் எல்லாரையும் மோன்ஹா என்றுதான் சொல்வார்கள். அன்போடு பேசினால் மோன்ஹீத்தா.

அந்தப் பெண்ணிடம் இரண்டு பேனா எடுக்கச் சொன்னேன். ஆளைப் பார்த்துக் கூப்பிடுகிற சொல் சிவப்பு மை. ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுகிற சொல் நீல மை. மோன்ஹா நீலம், ரெலிஹியோஸாவும் நீலம். சிவப்பில் வருவது மூன்றே மூன்று: எர்மானா, ஸோர், மாத்ரே.

எர்மானா என்றால் கூடப் பிறந்தவள். துறவியும் எர்மானாதான். எங்கள் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூடப் பிறந்த அக்காவும் ஆச்சி, சொந்தமே இல்லாத பெரிய மனுஷியும் ஆச்சி. தனியாக "ஆச்சி" என்றும் கூப்பிடலாம், "மீனாட்சி ஆச்சி" என்று பெயரோடும் சொல்லலாம். எர்மானாவும் அப்படியே. தனியாகவும் நிற்கும், "எர்மானா லூஸியா" என்று பெயருக்கு முன்னாலும் நிற்கும். எதைச் சொல்வது என்று தெரியாவிட்டால் எர்மானா சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸோர் அப்படி இல்லை. அதற்கும் சகோதரி என்றுதான் பொருள், லத்தீனில் ஸோரோர். ஆனால் பெயர் இல்லாமல் தனியாக நிற்காது. நம் "திருமதி" மாதிரி. "திருமதி வள்ளியம்மை" சரி. "திருமதி, இங்கே வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் எப்படி இருக்கும்? "ஸோர் லூஸியா" என்று முழுசாகச் சொல்ல வேண்டும், அதிலும் ஞானஸ்நானப் பெயரோ மடத்துப் பெயரோதான் வரும், குடும்பப் பெயர் மட்டும் வராது. மெக்சிகோவில் 1695-ல் இறந்துபோன பெரிய கவிஞர் ஸோர் ஹுவானா இனேஸ் தே லா குரூஸ். அவரை எழுதும்போது ஸோர் ஹுவானா என்று சுருக்குவார்கள், வெறும் ஸோர் என்று யாரும் எழுத மாட்டார்கள். அந்த நாட்டு 100 பேஸோ நோட்டில் 2020 முதல் அவர் முகம்தான். ஆண் துறவிகளுக்கு ஃபிராய் என்ற சொல்லும் இதே சட்டத்துக்கு உட்பட்டது.

எந்த மடத்தில் ஸோர், எந்த மடத்தில் எர்மானா என்பது அந்தந்த மடத்து வழக்கம். கிளாரிஸா என்ற சபையின் மடங்கள் பலவற்றில் ஸோர் உண்டு. கார்மேல் சபை மடங்களில் எர்மானா. ஒரு வேடிக்கை, இஹாஸ் தே லா கரிதாத், அன்பின் புதல்வியர் என்று 1633-ல் பிரான்சில் தொடங்கிய சபை. அவர்கள் சட்டப்படி மோன்ஹாவும் இல்லை, முழுப் பொருளில் ரெலிஹியோஸாவும் இல்லை, வார்த்தைப்பாட்டை, அதாவது துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கை, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கிறவர்கள். ஆனால் ஸ்பெயின் ஆஸ்பத்திரிகளில் ஸோர் என்ற சொல்லை அதிகம் வாழவைத்தவர்கள் அவர்கள்தான்.

மாத்ரே, அம்மா. மடத் தலைவியை மாத்ரே என்றே அழைக்க வேண்டும். சில மடங்களில் வயதான, நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்த எல்லாரும் மாத்ரே. போன உடனே யாரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேள், அதுவரை தலைவி ஒருத்தருக்கு மாத்ரே, மற்றவர்களுக்கு எர்மானா என்றேன். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. நீ என்பதற்கு தூ, நீங்கள் என்பதற்கு உஸ்தெத். ஸ்பெயினில் எல்லாரும் சீக்கிரமே தூ-வுக்கு வந்துவிடுவார்கள், மடத்துப் பெண்களும்தான். இருந்தாலும் அவர்கள் சொல்லட்டும், அதுவரை உஸ்தெத்.

<b>நம் ஆட்கள் விழுகிற இரண்டு குழி</b>

அந்தப் பெண் தன்னைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாள். "நான் கொன்வெந்தோவில் படித்தேன்" என்று ஒரு வரி. நமக்குக் கான்வென்ட் என்றால் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். யூனிஃபார்ம், டை, வேன். ஸ்பானிஷ்காரருக்குக் கொன்வெந்தோ என்றால் துறவிகள் வசிக்கும் மடம், வேறொன்றும் இல்லை. ஏற்கெனவே ஒரு மடத்தில் சேர்ந்து, வெளியே வந்து, இப்போது இரண்டாவதாக இங்கே வருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். கன்னியர் நடத்தும் பள்ளி என்று சொல்ல கொலேஹியோ தே மோன்ஹாஸ் என்று இருக்கிறது, அதைப் போடு என்றேன். அடைபட்ட மடத்துக்கு ஏட்டு வழக்கில் மொனாஸ்தேரியோ என்பதுதான் சரியான சொல். பேச்சில் கொன்வெந்தோ என்றே ஓடுகிறது.

அடுத்த வரி: "ஸோய் ரெலிஹியோஸா". பக்தியுள்ளவள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். இப்படி மொட்டையாகச் சொன்னால் "நான் ஒரு துறவி" என்றாகிவிடும். இன்னும் மடத்துப் படியே ஏறவில்லை. நடுவில் முய் என்ற சொல்லைப் போட்டு, "ஸோய் முய் ரெலிஹியோஸா" என்றால் ரொம்பப் பக்தியுள்ளவள் என்றாகும். அதைவிட "ஸோய் கிரெயெந்தே", நான் விசுவாசி, பாதுகாப்பானது. பக்தியானவள் என்று எண்ணிக்கொண்டு பெயாத்தா என்ற சொல்லை மட்டும் தொட வேண்டாம். முக்திப்பேறு பெற்றவர் என்று திருச்சபை அறிவித்த பெண்ணுக்கும் அந்தச் சொல்தான், எந்நேரமும் கோயிலே கதியென்று இருந்துகொண்டு ஊரை நோட்டம் விடுகிற பெண்ணுக்கும் அந்தச் சொல்தான். எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்பது குரலில் இருக்கிறது.

அவளுடைய அப்பா ஓரியூர்ப் பக்கத்துக்காரர். அதுவரை பேசாமல் இருந்தவர், "அருளானந்தர் பேசுனதும் இந்தப் பாஷைதானுங்களே?" என்று கேட்டார். 1693-ல் ஓரியூரில் தலை கொடுத்த கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் லிஸ்பன்காரர், போர்த்துக்கீசு பேசியவர். அக்கம்பக்கத்து மொழிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் போட முடியாது. அங்கே மோன்ஹாவுக்குப் பதில் ஃபிரெய்ரா, எர்மானாவுக்குப் பதில் இர்மா.

<b>படிப்படியாக</b>

சேர்வதற்கு முன் விசாரித்துக்கொண்டு, வந்துபோய்க்கொண்டு இருப்பவள் அஸ்பிராந்தே. உள்ளே சேர்ந்து பழகுகிறவள் போஸ்துலாந்தே. துறவு உடை வாங்கிக்கொண்டதும் நோவீஸியா, நம் கத்தோலிக்கர் சொல்கிற நவதுறவி. அந்த உடை வாங்கும் சடங்கு தோமா தே ஆபித்தோ. அடுத்து தற்காலிக வார்த்தைப்பாடு கொடுத்தவள் ஹுனியோரா. கடைசியில் நிரந்தர வார்த்தைப்பாடு, அதோடு புரொஃபேஸா. வார்த்தைப்பாட்டுக்கு வோத்தோ. மூன்று வோத்தோக்கள்: போப்ரேஸா (ஏழ்மை), காஸ்திதாத் (கற்பு), ஒபெதியென்ஸியா (கீழ்ப்படிதல்).

பெண் போகிற மாதிரியான அடைபட்ட மடங்களுக்கு 2018-ல் ரோமிலிருந்து புது விதிகள் வந்தன. அவற்றின்படி நோவீஸியாவாக இரண்டு ஆண்டு, ஹுனியோராவாக ஐந்து ஆண்டு. அதற்கு முன்னால் அஸ்பிராந்தேயாக ஒன்று, போஸ்துலாந்தேயாக ஒன்று, இரண்டும் குறைந்தபட்சம். அப்பா விரல் விட்டுக் கூட்டினார். "ஒம்போது வருஷம்" என்றார். ஆமாம், நடுவில் எந்தப் படியிலும் திரும்பி வரலாம் என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று அந்தப் பெண் ஒரு பார்வை பார்த்தாள்.

இந்தப் படிகளைக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பானிஷிலேயே ஒரு பெயர் இருக்கிறது. 1600-களின் தொடக்கத்தில் கதலீனா தே எராவுஸோ என்ற பெண் ஸான் செபாஸ்தியான் ஊர் மடத்திலிருந்து ஓடிப்போனாள். தலைமுடியை வெட்டி, ஆண் உடை போட்டு, கப்பலேறித் தென் அமெரிக்கா போய்ச் சிலி நாட்டில் போர்ப்படையில் அதிகாரியே ஆகிவிட்டாள். லா மோன்ஹா அல்ஃபேரெஸ், படை அதிகாரிக் கன்னியாஸ்திரீ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவள் ஓடியது வார்த்தைப்பாடு கொடுக்கும் முன்னால். நோவீஸியாதான், மோன்ஹாவே இல்லை.

மடத்தில் சேர்வதை மெத்தேர்ஸே மோன்ஹா என்பார்கள். விட்டு வருவதற்குக் கொல்கார் லோஸ் ஆபித்தோஸ், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள் என்கிற மாதிரி. இப்போது இதை வேலையை விட்டவர்களுக்குக்கூடச் சொல்கிறார்கள்.

<b>வீட்டைச் சுற்றி வந்து படித்தது</b>

மடத்தின் இடங்களுக்கான பெயர்கள் பட்டியலாகப் படித்தால் நிற்காது. எழுந்து என் பின்னால் வா என்றேன். எங்கள் வீடு பழைய செட்டிநாட்டு வீடு, பாதி பூட்டிக் கிடக்கிறது, ஆனால் கட்டு கட்டாக இருக்கிறது.

முகப்புத் திண்ணையில் நிறுத்தினேன். இது போர்த்தெரீயா, வாசல் கட்டு. வாசலைக் கவனிப்பவர் எர்மானா போர்த்தேரா. தோர்னோ இந்தப் பக்கம்தான் இருக்கும். அடுத்து பட்டாலை. வெளியாட்கள் வந்தால் உட்காரவைத்துப் பேசுகிற இடம், அவர்கள் இதற்கு மேல் உள்ளே வருவதில்லை. இதுதான் லொகுத்தோரியோ. எங்கள் அப்பத்தா காலத்தில் வேற்று ஆண்கள் பட்டாலையைத் தாண்ட மாட்டார்கள், பெண்கள் உள்கட்டைத் தாண்டி வர மாட்டார்கள். அதனால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. லொகுத்தோரியோவில் நடுவே இரும்புக் கம்பி, அதற்கு ரேஹா. சில மடங்களில் அது இன்னும் இருக்கிறது, சிலவற்றில் எடுத்துவிட்டு வெறும் மேசை போட்டிருக்கிறார்கள். வீட்டார் போனால் மகளைப் பார்ப்பது இங்கேதான்.

"கம்பிக்கு இந்தப் பக்கமா?" என்றார் அப்பா.

"அந்த மடத்துல எப்படின்னு முன்னாடியே எழுதிக் கேட்டுக்கலாம்" என்றேன். கேட்க வேண்டிய வரியையும் எழுதிக் கொடுத்தேன்: "ஆய் ரேஹா என் எல் லொகுத்தோரியோ?" வரவேற்பறையில் கம்பி இருக்கிறதா. அவர் அதைத் தமிழ் எழுத்தில் நாலு தடவை எழுதிப் பார்த்தார்.

உள்ளே வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த நடை. கிளவ்ஸ்த்ரோ என்பது அப்படியே இதுதான். அங்கே நடுவில் கிணறோ எலுமிச்சை மரமோ இருக்கும். ஆத்தங்குடிக் கல்லை நாம் தரையில் பதிக்கிறோம், செவில்காரர்கள் பூப்போட்ட ஓடுகளைச் சுவரில் பதிக்கிறார்கள், அஸுலேஹோ. தூணோரம் நின்று பார்த்தால் ஊர் நினைவு வந்துவிடும். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை என்று இருக்கிறதல்லவா? அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஸெல்தா. சிறைச்சாலை அறைக்கும் அதே சொல்தான், பயப்பட வேண்டாம். இந்த உள்பகுதி முழுவதும், வெளியார் நுழையக் கூடாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்து, கிளவ்ஸூரா. அடைபட்டு வாழும் துறவிகள் மோன்ஹாஸ் தே கிளவ்ஸூரா.

இரண்டாம் கட்டு, பந்தி போடுகிற இடம்: ரெஃபெக்தோரியோ. சாப்பிடும்போது ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர் பேசாமல் சாப்பிடுவார். எங்கள் வீட்டுப் பந்தியில் இது நடக்காது. மூன்றாம் கட்டு அடுப்படி, கொஸீனா. பின்னால் தோட்டம், கீரையும் காயும் போடுவது, உவெர்தா. எங்கள் வீட்டில் இல்லாதது இரண்டு. ஒன்று கோரோ, நாளுக்குப் பல தடவை கூடிச் செபம் பாடும் இடம். இன்னொன்று ஸாலா கப்பித்துலார், மடத்தார் கூடி முடிவெடுக்கும் கூடம்.

ஒரு வாரம் அவள் தன் வீட்டிலேயே சுவரில் சாக்பீஸால் எழுதிப் படித்தாளாம். மாட்டுக்கொட்டகையில் ஸாலா கப்பித்துலார் என்று எழுதியதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

உடைக்கு அதிகம் வேண்டாம். ஆபித்தோ முழு அங்கி. தோக்கா தலையையும் கழுத்தையும் சுற்றி வரும் வெள்ளைத் துணி. அதன் மேல் வேலோ, முக்காடு. பெரும்பாலான மடங்களில் நோவீஸியாவுக்கு வெள்ளை, புரொஃபேஸாவுக்குக் கறுப்பு. கிளாரிஸாக்களுக்கு இடுப்பில் கொர்தோன், முடிச்சுப் போட்ட கயிறு.

<b>தலைவிக்கு எத்தனை பெயர்</b>

பொதுவாக ஸுபேரியோரா என்றால் தப்பில்லை. ஆனால் சபைக்குச் சபை பதவிப் பெயர் மாறும். கிளாரிஸா, பெனதிக்தீனா, ஸிஸ்தெர்ஸியென்ஸே மடங்களில் அபாதேஸா. கார்மேல், தொமினீக்கா, அகுஸ்தீனா மடங்களில் பிரியோரா. மெர்ஸெதாரியா மடத்தில் கொமெந்தாதோரா, திரினித்தாரியா மடத்தில் மினிஸ்த்ரா. கடைசிச் சொல் அரசாங்க அமைச்சருக்கும் அதேதான். இவையெல்லாம் நீல மை. நேரில் மாத்ரே.

அபாதேஸா என்றால் சாதாரணமில்லை என்று காட்ட ஒரு மடம் போதும். புர்கோஸ் ஊரில் லாஸ் ஊவெல்காஸ், 1187-ல் அரசர் எட்டாம் அல்ஃபோன்ஸோ கட்டியது. அந்த மடத்து அபாதேஸாவுக்கு ஆயரைப் போன்ற அதிகாரம் இருந்தது, பல ஊர்கள் அவர் ஆட்சியில். 1873-ல்தான் அது போனது. அவருடைய கையெழுத்து இல்லாமல் அங்கே பாதிரியார் பூசை வைக்க முடியாது என்று சொன்னதும் அந்தப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

தலைவிக்குக் கீழே நவதுறவிகளைப் பார்த்துக்கொள்பவர் மாயெஸ்த்ரா தே நோவீஸியாஸ். முதல் சில ஆண்டுகள் அவளுக்குத் தாயும் வாத்தியாரும் அவர்தான், இந்தச் சொல் நன்றாகப் பதிய வேண்டும். காசு கணக்கு பார்ப்பவர் எக்கோனோமா, கோயில் சாமான் பொறுப்பு ஸக்ரிஸ்தானா.

சபைப் பெயர்களில் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். கர்மெலீத்தாஸ் தெஸ்கால்ஸாஸ். தெஸ்கால்ஸா என்றால் செருப்பில்லாதவள். ஆவிலா ஊரில் 1515-ல் பிறந்த தெரேஸா, பழைய கார்மேல் மடத்தின் சொகுசு பிடிக்காமல் 1562-ல் ஸான் ஹோஸே என்ற சின்ன மடத்தைத் தொடங்கினார். அந்த வழி வந்தவர்கள் இவர்கள். நிஜத்தில் கயிற்றில் பின்னிய செருப்பு போடுவார்கள். தெரேஸா இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. மறுநாள் அக்டோபர் 15. புது நாட்காட்டிக்கு மாறியதில் நடுவில் பத்து நாள் காணாமல் போயிருந்தது. இதற்கும் சொல்லகராதிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

<b>வாய்க்கு வர</b>

உச்சரிப்பில் நமக்கு இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவர்களைவிட லாபம். ஸ்பானிஷ் த, பல்லில் நாக்கு படுகிற நம் த. தோக்கா, தோர்னோ, மாத்ரே என்று அப்படியே சொல்லலாம். ட போட்டு டோக்கா என்றால்தான் தப்பு. ஞ-வும் அங்கே உண்டு, ஸெஞோரா. வார்த்தைக்கு முன்னால் வருகிற ஹெச் எழுத்தை வாயே திறக்கக் கூடாது, அதனால்தான் எர்மானா, ஆபித்தோ. ஜே எழுத்து தொண்டையிலிருந்து வருகிற ஹ, மோன்ஹா, ரேஹா. வீ எழுத்தைப் பல்லும் உதடும் சேர்த்து உச்சரிப்பதில்லை, இரண்டு உதட்டால், பாலு என்ற ஆள் பெயரின் முதல் எழுத்துக்கு நெருக்கமாக. நான் வேலோ என்று எழுதியதை அங்கே கேட்டால் பேலோ போலக் காதில் விழும். ஸெல்தாவின் முதல் எழுத்து செவில்லில் நம் ஸ. மத்ரித் பக்கம் போனால் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். அவள் போகிற மடம் வடக்கே. அதனால் நான் சொல்லித் தந்ததில் பாதி அங்கே திருத்தப்படும்.

கடைசியாகக் கடிதம். மடத் தலைவிக்கு அவள் அப்பா பெயரில் ஒன்று எழுத வேண்டியிருந்தது. ஆரம்பம், "ரெவெரெந்தா மாத்ரே" என்று போட்டு முக்காற்புள்ளி வைக்க வேண்டும், நாம் போடுகிற மாதிரி காற்புள்ளி இல்லை. மற்ற துறவிகளுக்கு "எஸ்திமாதா எர்மானா". முடிவில் "உன் ஸலூதோ ஃபிரதெர்னோ", சகோதர வணக்கம். உறையின் மேல் மடத்தின் பெயர், அதற்குக் கீழே சபை. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சொல்லைச் சுருக்கி எழுதும்போது பன்மை காட்ட எழுத்தை இரண்டு தடவை எழுதுவார்கள். மாத்ரே ஒருவர் என்றால் ஓர் எம், பலர் என்றால் எம் எம். எர்மானாவுக்கு ஹெச், என், ஏ மூன்றும் சேர்த்து ஒரு சுருக்கம், கடைசியில் எஸ் போட்டால் பன்மை.

காரைக்குடி தபால் ஆபீஸில் கவுண்ட்டர் தம்பி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆச்சி, இதென்ன எம் எம்? மில்லிமீட்டரா?"

"இல்லப்பா. அங்க நெறைய அம்மா இருக்காங்க."

அவர் எடை போட்டுத் தபால்தலையை நீட்டினார். பெண்ணின் அப்பா அதைத் தானே ஒட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.